ஓவர்லாக் போட்ட முட்டை

1

மயிலாள் கடைசியாகச் செய்த சாதாரண வேலை, ஒரு கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதன் வாலுக்குக் கீழே இரண்டு விரலை வைத்துப் பார்த்ததுதான்.

"இன்னும் ஆகலீங் மாமா," என்றாள் என்னிடம். "எலும்பு ரெண்டும் ஒட்டியேதான் இருக்குது. நடுவால வெரல் போகோணும். அப்பத்தான் முட்டை வெக்கும்."

கோழியை இறக்கி விட்டாள். தொட்டித் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு, வாசலில் ஹாரன் அடித்த கம்பெனி வேனில் ஏறிப் போனாள். வேன் கம்பெனிக்குப் போய்ச் சேரவில்லை. வழியில் விபத்து. அந்தக் காலையைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை. எழுதத் தெரியாமல் இல்லை. இது கோழிகளைப் பற்றிய கதை.

வேறு மாதிரியும் தொடங்கிப் பார்த்தேன்.

'திருப்பூரின் மாலை வானம் சிவந்து —' [வெட்டினேன். மாலை வானத்தை நான் பார்த்ததே குறைவு. ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும்.]

'மரணம் என்பது —' [வெட்டினேன். இதற்குப் பிறகு நான் எதை எழுதினாலும் அது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததாகத்தான் இருக்கும்.]

'கோழிகளுக்குத் துக்கம் கிடையாது.' [இதை வெட்ட மனமில்லாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். கிடையாது என்று எனக்கு எப்படித் தெரியும்? வெட்டினேன்.]

நான் கட்டிங் மாஸ்டர். பனியன் துணியை அடுக்கி, அதன் மேல் பேட்டர்ன் வைத்துக் கோடு போட்டு வெட்டுகிறவன். வெட்டியது போக மிஞ்சுவதை எங்கள் ஊரில் குப்பையில் போடமாட்டோம். மூட்டை கட்டி வைப்போம், வேறொருவர் வாங்கிப் போவார். அந்தப் பழக்கத்தில், வெட்டிய வரிகளையும் இந்தக் கதையில் அங்கங்கே போட்டு வைத்திருக்கிறேன். வேஸ்ட்டிலிருந்து என்னென்ன செய்யலாம் என்பது போகப் போகத் தெரியும்.

2

இது நடந்தது 2007-இல். நாங்கள் இருந்தது ஒரு லைன் வீடு. ஒரே கூரையின் கீழ் வரிசையாக நாலு வாசற்படி, எல்லோருக்கும் பொதுவாக முன்னால் ஒரு வாசல், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு முருங்கை.

முதல் வீட்டில் வீட்டுக்காரர் பெருமாள்சாமி. அறுபது வயது, மனைவி இல்லை. பழனிக்கு மாலை போட்ட வருஷத்திலிருந்து கறி, முட்டை எதுவும் தொடமாட்டார். இரண்டாவது வீட்டில் சபுரா பீவி. அவர் கணவர் அக்பர், கம்பெனிகளில் பனியன் வேஸ்ட் எடுத்து வந்து நிறம் பிரித்து விற்பவர். வாசலில் பாதி எப்போதும் அவர்கள் மூட்டைதான். மூன்றாவது வீட்டில் நானும் என் மனைவி மயிலாளும். நாலாவதில் தமிழ்மதி. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த பெண், நான் வேலை பார்த்த கம்பெனியில் செக்கிங், தைத்து வரும் பனியனில் குறை பார்க்கும் வேலை. அப்போது மாசமாக இருந்தாள். அவள் கணவனுக்கு நிட்டிங்கில் நைட் ஷிப்ட். இந்தக் கதை முழுவதும் அவன் தூங்கிக்கொண்டிருப்பான், அவனைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

(எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இதைச் சொல்லாமலே விட்டுவிடலாமா என்று யோசித்தேன். சொன்னால் நீங்கள் கோழிகளைப் பிள்ளைகளாக்கிவிடுவீர்கள். தயவுசெய்து வேண்டாம். அவை கோழிகள்.)

மயிலாளுக்குச் சொந்த ஊர் கொமரலிங்கம். முந்தின வருஷ ஐப்பசியில் ஊருக்குப் போனவள் திரும்பும்போது துணிப்பைக்குள் மூன்று குஞ்சுகளோடு வந்தாள். உடுமலை பஸ்ஸில் கண்டக்டர், "பைக்குள்ள என்னம்மா சத்தம்?" என்று கேட்டாராம். "ரிங்டோனுங்க" என்றாளாம்.

குஞ்சுகள் இறங்கிய அன்றே பெருமாள்சாமி வந்துவிட்டார்.

"ஏனம்மிணி, நான் ஊடு உட்டது ஆளுக இருக்கறதுக்கு."

"கோழிக ஊட்டுக்குள்ள வராதுங்க. வாசல்லதான் கெடக்கும்."

"வாசலும் என்றதுதான்."

"அப்பக் கோழியும் உங்களுதுன்னே நெனச்சுக்குங்க. தீனி மட்டும் நாங்க போட்டுக்கறோம்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். அவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. எனக்கு இன்றுவரை தெரியாது.

ஐப்பசியில் வந்த குஞ்சுகள் பங்குனியில் வெடைக்கோழிகளாகிவிட்டன. வெடை என்றால் இன்னும் முட்டை வைக்கத் தொடங்காத இளங்கோழி. கருப்பு நிறத்தில் ஒன்று, அது கருப்பி. செம்மண் நிறத்தில் ஒன்று, செவலை. வெள்ளையில் கருப்புப் புள்ளியோடு ஒன்று, புள்ளி. பெயர் வைப்பதில் மயிலாள் அதிகம் யோசிக்கவில்லை என்பது தெரியும்.

3

வெடைக்கோழி முட்டைக்குத் தயாராகும்போது முதலில் கொண்டை சிவக்கும். பிறகு இடம் தேட ஆரம்பிக்கும். ஒவ்வொரு மூலையாகப் போய், தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, தொண்டைக்குள் இழுத்து இழுத்து ஒரு சத்தம் போடும். கேறுகிறது என்போம். எங்கள் கோழிகள் கேறிக்கொண்டே போய் ஏறி உட்கார்ந்த இடம், அக்பர் அண்ணனின் வெள்ளை வேஸ்ட் மூட்டை.

சபுரா பீவி அவற்றைக் கையை வீசி விரட்டுவார். "மயிலா, உன்ற கோழிகளுக்கு மெத்தை நானா வாங்கி வெச்சிருக்கேன்? வெள்ளையில கறை பட்டா அப்பொறம் அது வெள்ளை இல்ல, தெரியுமில்ல?"

"தெரியுமுங்கக்கா. அதுகளுக்குத்தான் தெரியல."

அன்று சாயங்காலம் அவள் என்னிடம் சொன்னாள். "கோழி மொத முட்டைய எங்க வெக்குதோ, அப்பொறமும் அங்கயேதான் போயி வெக்கும். மொதல்லயே நம்ம கூடைக்குப் பழக்கோணும்."

"அதுகளுக்கு எப்படிச் சொல்வே?"

"சொல்ல முடியாது. காட்டோணும். ஏற்கெனவே ஒரு முட்டை கெடந்தா, இது பத்தரமான எடம், வேறொருத்தி இங்க வெச்சிருக்கறான்னு நெனச்சுக்கும். நாலு பீஸ் வெட்டிக் குடுங்."

"எதுக்கு?"

"முட்டைக்கு."

சபுரா பீவி வீட்டு மூட்டையிலிருந்து வெள்ளை இன்டர்லாக் பனியன் துணித் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். நான் அதுவரை முட்டைக்குப் பேட்டர்ன் போட்டதில்லை. செய்தித்தாளை விரித்து யோசித்தேன். நாலு இதழ். ஒரு முனை கூர்மை, மறுமுனை மழுங்கல். சுற்றிலும் தையலுக்கு விட வேண்டும்.

"என்ன சைஸு?"

"மொத முட்டைதானுங்க. எஸ்ஸே போதும்."

"எம் போட்டுக்கலாமே. கோழி வளருமில்ல."

"எக்ஸெல் போடுங்க. அதுக பாத்துப்போட்டு ஓடிப் போகட்டும்."

எஸ்தான் வெட்டினேன். அவள் ஓவர்லாக் டெய்லர், துணியின் ஓரம் பிரியாமல் நூலால் சுற்றித் தைக்கிறவள். மறுநாள் டீ டைமில் தன் கம்பெனி மெஷினிலேயே தைத்து, டிபன் கேரியரின் மேல் டப்பாவில் வைத்து எடுத்து வந்தாள். உள்ளே அழுத்தமாக வேஸ்ட் திணித்து, நடுவில் எடைக்காக அமராவதி ஆற்றின் கூழாங்கல் ஒன்றை வைத்து, வாயை மட்டும் கையால் மூடியிருந்தாள்.

"லைன் சூப்பர்வைசர் பாத்துப்போட்டு, இது எந்த நாட்டு பையருக்குப் போகுதுன்னு கேட்டாருங்."

"நீ என்ன சொன்னே?"

"கொமரலிங்கம் பையருக்குன்னேன்."

கூடையில் வேஸ்ட்டைப் பரப்பி, நடுவில் அந்தத் துணி முட்டையை வைத்தாள். தள்ளி நின்று பார்த்தாள். பிறகு, பக்கத்தில் யாரும் இல்லாதபோதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் சொன்னாள்.

"மொத முட்டை உங்களுக்குத்தானுங் மாமா. நல்லெண்ணெய் ஊத்தி, மொளகு போட்டுத் தர்றேன். யாருகிட்டயும் சொல்லீராதீங்."

ஒரு முட்டையைப் பற்றி நான் யாரிடம் போய்ச் சொல்லப் போகிறேன் என்று நினைத்தேன்.

4

இந்த இடத்தில் நிறுத்திப் படித்துப் பார்த்தேன். மயிலாள் அளவுக்கு மேல் நல்லவளாக இருக்கிறாள். இறந்தவர்களை எழுதினால் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. பேனா தானாகவே அவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறது.

எனவே சில விஷயங்கள். மயிலாள் கோபக்காரி. தாயம் ஆடினால் கள்ள ஆட்டம் ஆடுவாள். கண்டுபிடித்துச் சொன்னால் ஆட்டத்தையே கலைத்துவிடுவாள். என் சட்டைப்பையில் இருக்கும் பேனாவை எடுத்து மூடியால் காது குடைவாள். நான் நூலகத்திலிருந்து கொண்டுவரும் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, "செத்துப் போறானுங், படிக்காதீங்" என்பாள்.

இவையும் நல்ல குணங்கள் மாதிரியே தெரிகின்றன. விட்டுவிடுகிறேன்.

பெருமாள்சாமியை எழுதுவது இன்னும் சிரமம். கதை என்றால் ஒருவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்று நினைத்து, முதல் பிரதியில் அவரை அப்படி ஆக்கினேன்.

'வீட்டுக்காரர் பெருமாள்சாமி இரக்கமற்ற —' [வெட்டினேன்.]

விபத்து நடந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் சாயங்காலம் வரை என்னோடு நின்றவர் அவர். அதற்கு முந்தின வாரம் தவறி விழுந்து மணிக்கட்டு பிசகி, துணியால் கட்டித் தொங்கவிட்ட கையோடு நின்றார். உறவெல்லாம் வந்து வீடு நிறைந்திருந்த நாட்களில் கோழிகளை எனக்கு ஞாபகமே இல்லை. பிறகு ஞாபகம் வந்து, கோழி அடைக்கும் பஞ்சாரத்தைப் போய்ப் பார்த்தால், உள்ளே கம்பு இறைத்திருந்தது, தண்ணீர் வைத்திருந்தது.

"நீங்களா போட்டீங்க?" என்று அவரிடம் கேட்டேன்.

"என்றதுன்னு நெனச்சுக்கச் சொல்லிப்போட்டாளே," என்றார்.

5

காரியம் முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பிய பிறகு, ஒரு சாயங்காலம். கரண்ட் போயிருந்தது. நான் வீட்டுக்குள் மெழுகுவத்தி தேடாமல் உட்கார்ந்திருந்தேன். மழை வரும் போலிருக்கிறது என்று மூட்டைகளை இழுத்துப் போட வாசலுக்கு வந்த சபுரா பீவி, எங்கள் கூடையிலிருந்து கருப்பி எழுந்து போவதைப் பார்த்தார். குனிந்து கூடைக்குள் பார்த்தார்.

"தம்பி, வெச்சிருச்சு தம்பி. மயிலா கோழி முட்டை வெச்சிருச்சு."

வாசல் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். பனியன் துணியிலேயே வாழ்கிறவர், கையை விட்டுத் தொட்டிருந்தால் தெரிந்திருக்கும். மரியாதைக்காகத் தொடவில்லை.

நான் எழுந்து வந்தேன். அது என்னவென்று எனக்குத் தெரியும், நான் வெட்டிக் கொடுத்தது. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மூன்று பேரும் கூடையைச் சுற்றி நின்றார்கள். சபுரா பீவி உள்ளே ஓடிப்போய் ஒரு கிண்ணத்தோடு வந்திருந்தார். தமிழ்மதி குழிக்கரண்டியோடு வந்திருந்தாள். அவர்கள் ஊரில் கரண்டிக்குள்ளேயே முட்டையை ஊற்றி அடுப்பில் காட்டி ஆம்லேட் போடுவார்கள். முட்டையே தொடாத பெருமாள்சாமி, கட்டுப்போட்ட கையை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். இன்னொரு கையில் ஒரு பொட்டலம்.

தமிழ்மதி செல்போன் டார்ச்சை அடித்தாள். வெளிச்சத்தில் அது முட்டையைவிட முட்டையாகத் தெரிந்தது. பெருமாள்சாமி பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து முட்டையை எடுத்தார்.

"இதென்னப்பா, மெத்துன்னு இருக்குது."

"தோல் முட்டையா இருக்குமுங்க," என்றார் சபுரா பீவி. "மொத முட்டை சிலதுக்கு ஓடு இல்லாம அப்படித்தான் வரும்."

பெருமாள்சாமி அதை டார்ச்சுக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தோல் முட்டையில தையல் இருக்குமா அம்மிணி?"

தமிழ்மதி அதை வாங்கினாள். செக்கிங் டேபிளில் செய்வதுபோல, இரண்டு கட்டைவிரலாலும் தையலை இழுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு பக்கமாகச் சுற்றினாள்.

"ஓவர்லாக் போட்ட முட்டைண்ணே இது. ஹோல் இல்ல, கறை இல்ல, ஸ்டிச் ஒண்ணுகூட விடல. பாஸ்."

முதலில் சிரித்தது சபுரா பீவி. கிண்ணம் கையில் குலுங்கியது. பிறகு தமிழ்மதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெருமாள்சாமி சத்தமே இல்லாமல் தோள் மட்டும் ஆடச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அந்த வாசலில் பல நாட்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது. அதைத் திரும்பக் கூடையில் வைக்கப் போன தமிழ்மதி, "அக்கா தையலு," என்றாள். அதோடு எல்லோரும் நிறுத்திக்கொண்டோம்.

பெருமாள்சாமி பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார். "அது செரி. நீ எதுக்கு அம்மிணி கரண்டியோட வந்தே?"

தமிழ்மதி தலையைக் குனிந்துகொண்டாள். "மொத முட்டை எனக்குத்தான்னு அக்கா சொல்லிருந்துச்சு. வாய்க்கு எதுவும் பிடிக்காம கெடந்தேன்ல, அப்ப. யார்ட்டயும் சொல்லாதன்னுச்சு."

"என்றகிட்டயுமல்ல சொன்னா," என்றார் பெருமாள்சாமி. "வெள்ளக்கருவில உளுந்து மாவு கொழச்சுப் பத்துப் போட்டா மணிக்கட்டு கூடிக்கும், கன்னி முட்டைதான் அதுக்கு நல்லதுன்னு. நானும் மாவு இடிச்சு வெச்சிருக்கறேன். யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்னா."

இருவரும் சபுரா பீவியின் கிண்ணத்தைப் பார்த்தார்கள்.

"எனக்கு முட்டை வேணும்னெல்லாம் இல்லீங்க," என்றார் அவர். "மூட்டை மேல ஏறுதுகன்னு நான் சத்தம் போட்ட அன்னிக்கு வந்து சொன்னா, மொத முட்டை உங்களுக்குத்தானுங்கக்கான்னு. சொன்னாளே, அதான்."

பிறகு மூவரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தாள், யாரிடமும் சொல்லாதே என்று.

6

கதை இங்கே எளிதாகிவிட்டது, ஒரு முட்டைக்கு நாலு பேர் சண்டை என்று நினைத்திருந்தால், உங்களுக்கு எங்கள் பக்கத்து ஆட்களைத் தெரியாது. மறுநாள் காலையிலிருந்து மூவரும் தனித்தனியாக வந்தார்கள்.

"தம்பி, மாசமா இருக்கற புள்ள. அவளுக்கே குடுத்துருங்க. எனக்கு வேண்டாமுங்க," என்றார் சபுரா பீவி.

"அண்ணே, எனக்கு அவரு கடையில முட்டை வாங்கித் தந்துட்டாரு. பீவியம்மாவுக்குக் குடுங்க. அவங்க மூட்டையத்தானே கோழி நாசம் பண்ணுச்சு," என்றாள் தமிழ்மதி.

"என்ற கை தேவலையப்பா," என்றார் பெருமாள்சாமி, அந்தக் கையால் தாழ்ப்பாளைக்கூடத் தூக்க முடியாமல்.

யாருக்கும் வேண்டாம். அவ்வளவு மரியாதை.

அவர்கள் விட்டுக்கொடுத்தது மயிலாளுக்காகத்தான் என்று எனக்குப் புரிந்தது. ஆனால் எனக்கு அது தாங்கவில்லை. அவள் மூன்று பேரிடம் ஒரு சொல் சொல்லியிருக்கிறாள். மூன்று பேரும் பெருந்தன்மையாக அதை வேண்டாம் என்றுவிட்டால், அவள் சொன்னது கோழி வளர்ப்பதற்காகச் சொன்ன சமாளிப்பு என்று ஆகிவிடும். அப்படித்தான் சொன்னாள் என்பதும் உண்மையாக இருக்கலாம். இருந்தாலும், அவள் சொன்ன ஒவ்வொரு தடவையும் அதைச் செய்வதாகத்தான் இருந்தாள். அவளை எனக்குத் தெரியும். மற்ற எதையும் அவளுக்காக நான் இனிச் செய்ய முடியாது. சேலை எடுத்துத் தர முடியாது, தாயத்தில் தோற்க முடியாது. இந்த ஒரு முட்டை விஷயத்தில் அவள் வாக்கைக் காப்பாற்ற முடியும்.

(நாலு பேரிடம் என்று எழுதிவிட்டு மூன்று என்று மாற்றினேன். என்னைக் கணக்கில் சேர்ப்பதா என்பது இன்னும் முடிவாகவில்லை.)

7

விரல் வைத்துப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் செவலை என் கையைக் கொத்திவிட்டு ஓடியது. கக்கத்தில் இடுக்கிக்கொண்டால் கோழி அடங்கிவிடும் என்பது தெரிந்திருந்தும் எனக்கு இடுக்கத் தெரியவில்லை. பேப்பர் பேட்டர்னைத் துணி மேல் அழுத்திப் பிடிப்பதுபோல, விரலால் பிடிக்காமல் உள்ளங்கையால் பிடித்தேன். அடங்கியது. அடிவயிறு சூடாக இருந்தது. எலும்புகளுக்கு நடுவே விரல் போகவில்லை.

சில நாள் கழித்து ஒரு விரல் போனது.

பிறகு, நான் பக்கத்தில் போனாலே செவலை இறக்கையை லேசாக விரித்துத் தரையோடு உட்கார ஆரம்பித்தது. சபுரா பீவி பார்த்துவிட்டு, "இன்னிக்கோ நாளைக்கோதான் தம்பி," என்றார். அப்போதும், "எனக்கில்ல, அந்தப் புள்ளைக்குக் குடுங்க," என்று சேர்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. செவலை கேறிக்கொண்டே வாசலைச் சுற்றியது. வேஸ்ட் மூட்டைக்குப் போனது. ஏறவில்லை. தொட்டி மறைவுக்குப் போனது. திரும்பி எங்கள் கூடைக்கு வந்து, விளிம்பில் நின்று, துணி முட்டையைத் தலை சாய்த்துப் பார்த்தது. உள்ளே இறங்கியது. அலகால் துணி முட்டையைத் தள்ளித் தன் வயிற்றுக்கு அடியில் சேர்த்துக்கொண்டது.

நான் வீட்டுக்குள் போய்விட்டேன். அந்த நேரத்தில் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பாள் மயிலாள்.

கொக்கரிப்புக் கேட்டு வெளியே வந்தேன். துணி முட்டையை ஒட்டி, அதே மாதிரி இன்னொன்று. பழுப்பு கலந்த வெள்ளை. ஓட்டில் நூல் மாதிரி ஒரு ரத்தக் கோடு. எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். நான் வெட்டிய பேட்டர்னைவிடச் சின்னது. எஸ்கூட அதற்குப் பெரிசுதான். சூடு என் கைக்கு ஏறியது.

வாசலில் நாலு கதவு. நாலும் திறந்திருந்தன.

8

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் சில முடிவுகள் இருக்கின்றன.

ஒன்று. முட்டையைத் தட்டி, வெள்ளைக்கருவைத் தனியாக வடித்துப் பெருமாள்சாமியின் உளுந்து மாவில் ஊற்றுகிறேன். மஞ்சள்கரு தமிழ்மதியின் குழிக்கரண்டிக்கு. ஓட்டை நொறுக்கிச் சபுரா பீவியின் ரோஜாத் தொட்டிக்கு. வறுபடும் வாசனை எனக்கு. ஒரு முட்டை, நாலு பேருக்கும் வாக்கு நிறைவேறியது. [எழுதி முடித்ததும் மிகவும் சந்தோஷமாக இருந்தது. காலையில் படித்தபோது, துணியில் ஒரு நூல்கூட வேஸ்ட் இல்லாமல் வெட்டியதாகச் சொல்லும் கட்டிங் மாஸ்டரை எப்படி நம்ப மாட்டேனோ, அப்படி இருந்தது. வெட்டினேன்.]

இரண்டு. மூன்று கோழிகளுக்கும் தனித்தனியாக முதல் முட்டை உண்டு. செவலையின் முதல் முட்டை தமிழ்மதிக்கு, கருப்பியினுடையது சபுரா பீவிக்கு, புள்ளியினுடையது பெருமாள்சாமிக்கு. அப்படியானால் மயிலாள் பொய்யே சொல்லவில்லை. மூன்று பேருக்கும் கணக்குப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறாள்.

இந்த முடிவை நான் நீண்ட நாள் வைத்திருந்தேன். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புள்ளி பங்குனியிலேயே நாய் பிடித்துச் செத்துப் போனது. மயிலாள் அன்று முழுக்க அந்த நாயைத் திட்டிக்கொண்டிருந்தாள். கணக்கு நேராக வரட்டும் என்பதற்காகக் கதையில் புள்ளியைச் சாகவிடாமல் வைத்திருந்தேன். நீங்கள் கவனித்திருக்கலாம், ஆரம்பத்தில் பெயர் சொன்னதோடு சரி, அதன் பிறகு அது எங்கேயும் வரவில்லை. செத்த கோழியை நடக்க வைக்க எனக்கு வரவில்லை.

மூன்று. இது நடந்தது.

அந்த வாரத்தில் கருப்பியும் முட்டை வைக்க ஆரம்பித்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் கூடையில் ஏதாவது ஒன்று கிடந்தது. நான் எல்லாவற்றையும் வேட்டி மடிப்பில் எடுத்துப் போய் அரிசிப் பானைக்குள் வைத்தேன். முட்டை வைக்க ஆரம்பித்ததை நான் வாசலில் சொல்லவில்லை. கொக்கரிப்பைப் பற்றி யாராவது கேட்டால், "சும்மா கத்துதுங்க" என்றேன். நம்பினார்களா தெரியவில்லை. மரியாதைக்காக மேலே கேட்கவில்லை.

பிறகு வெவ்வேறு காலைகளில் மூன்று கதவையும் தட்டினேன். ஒவ்வொரு வாசலிலும், பக்கத்தில் யாரும் இல்லாதபோதும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"மத்தவங்க ரெண்டு பேரும் வேண்டாம்னுட்டாங்க. மயிலா உங்களுக்குன்னுதான் சொன்னா. இது மொத முட்டை. யாருகிட்டயும் சொல்லீராதீங்க."

சபுரா பீவி முந்தானையில் வாங்கிக்கொண்டார். "சொன்னா செஞ்சுபோடுவா, எனக்குத் தெரியும்," என்றார். அழவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பெருமாள்சாமி முட்டையை வாங்கி, கட்டுப்போட்ட கையில் வைத்து, மற்றக் கை விரலால் தடவினார். "இத ஒடைக்கறதுக்கே மனசு வருல," என்றார். உடைத்தார். பத்துப் போட்டார். இன்றைக்கும் யாராவது சுளுக்கு என்று சொன்னால் மணிக்கட்டைச் சுழற்றிக் காட்டி, "கன்னி முட்டை," என்பார். யார் வீட்டுக் கோழி என்று சொல்லமாட்டார்.

தமிழ்மதி வாசலிலேயே வைத்து என் கையைப் பார்த்தாள். "நெசமாவே மொத முட்டையாண்ணே?"

"ஆமா கண்ணு."

முட்டையை வாங்கி, செக்கிங் பார்ப்பதுபோல ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். என் முகத்தையும் பார்த்தாள். "பாஸ்," என்றாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று சில சமயம் நினைக்கிறேன். அந்த வருஷமே ஊருக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். மகள் பிறந்தாள். போனில் பேசும்போது அந்தப் பெண்ணை மிரட்டும் சத்தம் கேட்கும். "மயிலத்தை முட்டை சாப்பிட்டுப் பொறந்தவடி நீ, ஒழுங்கா இரு."

ஆக, மூன்று பேரும் இன்றுவரை முதல் முட்டை தன்னிடம்தான் வந்தது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கதை அவர்கள் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று பயந்தேன். இப்போது பயம் இல்லை. ஒவ்வொருவரும், நிஜமானது தன்னுடையதுதான் என்று நினைத்துக்கொண்டு மற்ற இருவருக்காகவும் சிரிப்பார்கள்.

9

எது நிஜமானது? ரத்தக் கோடு போட்ட அந்த முட்டை எந்த வீட்டுக்குப் போனது?

நியாயமான கேள்வி. இவ்வளவு தூரம் படித்திருக்கிறீர்கள். சபுரா பீவிக்கு என்று நீங்கள் நினைத்தால் அவருக்குக் கொடுங்கள். மெத்தை கொடுத்தவர் அவர்தான். மாசமாக இருந்த பெண்ணுக்குத்தான் என்றால் அதுவும் சரி. கோழிக்குத் தீனி போட்டவருக்கு என்றாலும் தப்பில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூன்றாவது வீட்டுக்குள் நல்லெண்ணெய் காய்ந்த வாசனை வந்ததா என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை.

எனக்குத் தெரியும். ஆனால் யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். மற்ற மூவரும் ஒரு சாயங்காலச் சிரிப்பில் அதைச் சொல்லிவிட்டார்கள். நான் இன்னும் சொல்லவில்லை.

செவலையும் கருப்பியும் இப்போது இல்லை. அவற்றின் பேத்திகளும் அவற்றுக்கு அடுத்தவையும் இருக்கின்றன, பெயர்கள் அதே மாதிரிதான். கூடை இரண்டு தடவை மாறிவிட்டது. உள்ளே பரப்பும் வேஸ்ட்டை அக்பர் அண்ணன் மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். புதிதாக வரும் வெடைகள் ஒவ்வொன்றும் விளிம்பில் நின்று தலை சாய்த்துப் பார்த்துவிட்டு, அந்தத் துணி முட்டையைத் தங்கள் வயிற்றுக்கு அடியில் தள்ளிக்கொள்கின்றன. துணி பழுப்பேறிவிட்டது. தையல் ஒன்றுகூட விடவில்லை.